மூண்டு கோர்னர் ஒரு பெனல்டி

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலிருந்து வடக்கே பிரியும் ஒழுங்கைகளில் ஒன்று முடிகிற இடத்தில் ஒரு வெறும் வளவு கிடந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய ஒருவருடைய காணி. அவர் கண்மூடிய பிறகு பிள்ளைகள் கொழும்போடு தங்கிவிட்டார்கள். எட்டுப் பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது யாழ்ப்பாணத்துக் கணக்கு. ஆக அரை ஏக்கர். உலகக் கிண்ணம் நடக்கும் 105 மீற்றர் நீள, 68 மீற்றர் அகல மைதானத்தை எங்கள் கணக்கில் அளந்தால் 28 பரப்பு வரும். அதில் கால்வாசியைவிடக் கொஞ்சம் கூடின செம்மண்ணில்தான் 1984 தொடக்கம் 1990 யூன் வரை நாங்கள் பந்தடித்தோம்.

அந்த எட்டுப் பரப்புக்குள் துலாக் கிணறு ஒன்று, புளியமரம் ஒன்று, மூன்று வடலி, கட்டையில் கட்டிய ஒரு பசு. கிழக்கே ஆச்சி வீட்டு ஓலைவேலி. மேற்கே புகையிலைத் தோட்டம். கிணற்றை நகர்த்த முடியாது. ஆச்சியையும் நகர்த்த முடியாது. ஆகவே அவற்றுக்கு ஏற்றபடி சட்டம் செய்தோம்.

கன்னை பிரிப்பதிலிருந்து தொடங்கும். தலைவர்மார் இருவர் வேலிக்கரையில் நிற்பார்கள். மற்றவர்கள் தங்கள் பலத்துக்கு ஒத்தவனோடு சோடி சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு புளியடிக்குப் போய், ஆளுக்கொரு பெயரை இரகசியமாக வைத்துக்கொண்டு வருவார்கள். "மரடோனா வேணுமோ, பிளாற்றினி வேணுமோ?" கேட்ட பெயருக்குரியவன் அந்தக் கன்னை, மற்றவன் இந்தக் கன்னை. 1986க்கு முந்தி அந்தப் பெயர்கள் இல்லை. மாம்பழமோ பலாப்பழமோ என்றுதான் கேட்டோம். இந்த முறையின் அருமை எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. சோடி சேரும்போதே ஒவ்வொருவனும் தன் தரத்தைத் தானே நிறுத்துப் பார்க்க வேண்டும். கெட்டிக்காரன் கெட்டிக்காரனோடுதான் போகலாம், நோஞ்சான் நோஞ்சானோடு. ஒருவனையும் கடைசிவரை நிற்க வைத்து, வேண்டாவெறுப்பாக எடுத்ததாக எனக்கு நினைவில்லை. பிற்காலத்தில் பெரிய மனிதர்கள் ஆட்களைத் தெரிவு செய்யும் எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையான முறையை வேறெங்கும் கண்டதில்லை.

பந்து முதலில் வாழைச்சருகில் இருந்தது. சருகை இறுக்கிச் சுருட்டி, பழஞ்சேலைக் கிழிசலால் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டி மாட்டுவோம். துள்ளாது, ஆனால் உருளும். மழை பெய்தால் இரட்டை நிறை. பிறகு ஆளுக்கு இரண்டு ரூபாய்ப்படி சேர்த்து யாழ்ப்பாணம் ரவுனில் தோல்பந்து ஒன்று வாங்கினோம். எல்லாருடைய காசும் அதில் இருந்தபடியால் பந்துக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இல்லை. அது ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வீட்டில் படுத்தது. பந்து படுக்கும் வீட்டுக்காரன் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைக்க வேண்டும் என்பதும் சட்டந்தான். எங்கள் வீட்டு முறை வந்த இரவுகளில் அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறேன். தோலும் எண்ணெயும் செம்மண்ணும் கலந்த அந்த வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது.

கிழக்குக் கோல் ஆச்சியின் வேலி. வேலியில் நின்ற இரண்டு பூவரசங் கதியால்கள்தான் கம்பங்கள். அடைத்த ஓலையே வலை. எங்கள் பக்கத்துத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி காற்பந்தாட்டத்துக்குப் பேர்போனது. அங்கே பார்த்த உண்மையான வலையைவிட எங்கள் ஓலைக்கு ஒரு குணம் கூட. பந்து பட்டால் 'சடார்' என்று சத்தம் கேட்கும். கோலா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. மேற்குக் கோல்தான் கரைச்சல். அங்கே இரண்டு கல்லு மட்டும். மேலே கட்டை இல்லாதபடியால் உயரத்துக்குக் கோலி கையை உயர்த்துவதே அளவு. அவன் கை எட்டும் உயரத்துக்குள் போனால் கோல், அதற்கு மேலே போனால் அவுட். இந்தச் சட்டம் வந்த அடுத்த நாளே இரண்டு கன்னையும் ஆகக் கட்டையான பொடியனைக் கோலிக்கு விட்டன. அதனால் இன்னொரு சட்டம் வந்தது: கோலி யாராக இருந்தாலும் அளவு நெடுவலின் கைதான்.

நெடுவல் எங்களுக்குள் மூத்தவன். உண்மைப் பெயரை எழுத விரும்பவில்லை. உயரத்தால் வந்த பட்டம். சண்டை முற்றினால் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி, இனிமேல் இப்பிடி" என்பான். அது சட்டமாகிவிடும். அவன் தன் கன்னைக்குச் சாதகமாக ஒன்றும் சொன்னதில்லை. அதனால்தான் எல்லாரும் கேட்டோம்.

கோல் விழுந்ததும் இரு கன்னையும் பக்கம் மாறும். பின்னேர வெயில் மேற்கிலிருந்து கண்ணில் குத்தும் என்பதால் வந்த ஏற்பாடு. வெகுநாளைக்குப் பிறகு, 1863இல் லண்டனில் எழுதிய காற்பந்துச் சட்டங்களை வாசித்தேன். மொத்தம் 13. அவற்றில் மேற்கட்டை இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பக்கம் மாற வேண்டும் என்று எழுதியிருந்தது. பெனல்டி என்பதே 1891இல்தான் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். லண்டனில் அவர்கள் ஒரு விடுதியில் கூடியிருந்து எழுதியதை நாங்கள் புளியமர நிழலில் வேர்த்து விறுவிறுத்துக் கண்டுபிடித்திருக்கிறோம்.

ஆச்சி தனியே இருந்தா. கூட இருந்தவன் பேரன் ஒருவன், எங்களைவிட ஐந்தாறு வயது இளையவன். பந்து வேலிக்கு மேலால் போனால் அடித்தவன்தான் எடுக்க வேண்டும் என்பது முதற்சட்டம். ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு ஆச்சி விறாந்தையில் சாய்ந்திருப்பா. அந்த நேரத்தில் படலையைத் திறந்தால், "எட மோனே, மனிசர் கண்ணயர விடமாட்டியளோ?" என்ற குரல் வரும். பந்து ஆச்சியின் சீலைக்கடியில் போய்விடும். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பக் கிடைக்கும். அப்போது கையில் புழுக்கொடியலும் கிடைக்கும். எங்களுக்குப் பந்துதான் வேண்டும், புழுக்கொடியல் அல்ல. ஆகவே பேரனைச் சேர்த்தோம். அவன் உப்புக்குச் சப்பாணி. இரண்டு கன்னைக்கும் பொது. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து சத்தமில்லாமல் பந்து எடுத்து வருவது அவன் வேலை. கூலியாக, அவன் அடிக்கும் பந்தை ஒருவரும் காலால் மறிக்கக்கூடாது. அந்தச் சின்னப்பெடியன் வளவு முழுக்கப் பந்தை உருட்டிக்கொண்டு ஓட, இருபது பேர் வழிவிட்டு நிற்பார்கள். அவன் அடித்த கோல் கணக்கில் இல்லை. ஆனால் கைதட்டல் இருந்தது.

மாசி, பங்குனியில் ஆச்சி முற்றத்தில் செத்தல் மிளகாய் காயும். ஒருமுறை பந்து அந்தப் பாயில் விழுந்து மிளகாயெல்லாம் மண்ணோடு கலந்தது. ஆச்சி ஏசவில்லை. பாயில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினா. அதைப் பார்க்க ஏலாமல் நாங்கள் எல்லாரும் போய்க் குந்திப் பொறுக்கினோம். கண்ணைக் கசக்கி அன்றிரவு பட்ட எரிச்சல் வேறு. அடுத்த நாள் நெடுவல் சொன்னான்: "மிளகாய் காயிற மாதத்திலை கிழக்குப் பக்கம் முழங்காலுக்கு மேலை பந்து எழும்பக்கூடாது." அப்படியே விளையாடினோம். அந்த இரண்டு மாதமும் தரையோடு பந்தை வெட்டிக் கொடுத்துப் பழகியதில்தான் எங்கள் ஆட்டம் திருந்தியது என்று நினைக்கிறேன். பந்து பட்டுப் பட்டு ஓலை கிழிந்துபோவதால், ஆண்டுதோறும் வேலியடைப்புக்கு நாங்களும் போவோம். ஒரு பக்கம் ஒருவர் கட்ட, மறுபக்கம் நின்று குத்தூசியில் கயிறு கோத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கம்பங்களாக நின்ற இரண்டு கதியால்களை மட்டும் ஆச்சி வெட்ட விடுவதில்லை. "பொடியளின்ரை கோல்" என்பா.

கிணறு தெற்குப் பக்கம், வேலியிலிருந்து அதிக தூரமில்லை. பந்து உள்ளே விழுந்தால் துலாவை இறக்கி வாளியால் அள்ள வேண்டும். ஊறின பந்து கல்லுப் போலிருக்கும். ஈரப்பந்துக்குத் தலை கொடுக்கக்கூடாது என்று ஒரு சட்டம், ஒருவன் கழுத்துச் சுளுக்கிய பிறகு வந்தது. ஆனால் கிணற்றால் ஒரு பெரிய நன்மை. பெனல்டி எங்கிருந்து அடிப்பது என்ற சண்டையை அதுதான் தீர்த்தது. கிணற்றுக் கட்டுக்கு நேரே வடக்காக ஒரு கோடு. அதுதான் பெனல்டிக் கோடு. அங்கிருந்து ஆச்சியின் வேலிக்கு நெடுவலின் எட்டில் பத்து எட்டு. ஆளுக்கு ஆள் எட்டு வேறுபடும் என்பதால், எட்டு என்றால் நெடுவலின் எட்டு என்று முடிவு. கோடு அழிந்தால் அவன்தான் திரும்ப அளப்பான். வாய்விட்டு எண்ணிக்கொண்டு அவன் நடப்பான்; நாங்களும் கூடச் சேர்ந்து எண்ணுவோம்.

பெனல்டி கிடைப்பது எப்படி? பவுலுக்குப் பெனல்டி என்றால் ஆட்டம் நடக்காது. நடுவர் இல்லாத இடத்தில் பவுல் பட்டவன் விழுந்து உருளுவான், மற்றவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருப்பான். ஆகவே மூண்டு கோர்னர் ஒரு பெனல்டி. இதைப் பல ஊர்களில், பல நாடுகளிலும்கூடப் பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அதற்கு எங்கள் காரணம் வேறு. கோர்னர் அடிக்க வேண்டிய மூலையில் பசு நின்றது. பசுவின் கயிறு எட்டும் வட்டத்துக்குள் போகக்கூடாது, அது குத்தும். அடிக்க முடியாத கோர்னரைச் சும்மா விடவும் மனமில்லை. சேர்த்து வைத்து மூன்றுக்கு ஒன்று வாங்கினோம்.

1986 யூன் 22இல் மெக்சிக்கோவில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் போட்ட கோல் பத்திரிகை வழியாக எங்கள் வளவுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கிழமையே ஒருவன் கையால் தட்டிவிட்டு "மரடோனா! மரடோனா!" என்று ஓடினான். அளாப்பல் என்று ஒரு பக்கம், உலகமே ஒத்துக்கொண்டது என்று மறுபக்கம். அன்று ஆட்டம் நின்றே போனது. நெடுவல் இரண்டு நாள் யோசித்தான். "கண்டால் ஹான்ட்ஸ், காணாட்டில் கோல்." அதோடு இன்னொன்று: ஒருவரும் காணாமலே, அடித்தவன் தானாக ஒத்துக்கொண்டால், பந்து அவன் கன்னைக்கே. ஒத்துக்கொள்பவனுக்கு நட்டமில்லை. அதன்பிறகு கையால் அடித்தவன் ஒவ்வொருவனும் தானே கையை உயர்த்தினான். இதை நான் கண்ணால் கண்டேன்.

எல்லாச் சட்டத்திலும் கனமானது ஹெலிச் சட்டம். பலாலி இராணுவ முகாம் எங்களுக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில். 1986, 87இல் பின்னேரங்களில் ஹெலி வரும். முதன்முறை வந்தபோது ஆளுக்கொரு திசையாக வீட்டுக்கு ஓடினோம். திறந்த வெளியில் ஓடுவதுதான் ஆபத்து என்று பெரியவர்கள் ஏசினார்கள். அதன்பின் வந்த சட்டம் இது. சத்தம் கேட்டதும் பந்தை விட்ட இடத்தில் விட வேண்டும். ஓடக்கூடாது. எல்லாரும் புளியடிக்கு வந்து வேரோடு வேராகப் படுக்க வேண்டும். ஆச்சியின் பேரனை ஆகக் கிட்ட நிற்பவன் தூக்கி வர வேண்டும். அவன் எந்தக் கன்னைக்காரனாக இருந்தாலும் சரி. ஹெலி போன பிறகு, பந்து கிடந்த இடத்திலிருந்து, பந்தை வைத்திருந்த கன்னையே தொடங்க வேண்டும்.

புளியின் கீழே இரண்டு கன்னையும் கலந்து கிடக்கும். ஒருவரின் நெஞ்சடிப்பு மற்றவருக்குக் கேட்கும். வெளியே செம்மண்ணில் பந்து தனியாகக் கிடக்கும். ஒருநாள் எங்கோ தெற்கே சுட்டுவிட்டு ஹெலி திரும்பியது. சத்தம் அடங்க முதலே, பந்து வடலிக்கு இங்காலே கிடந்ததா அங்காலே கிடந்ததா என்று சண்டை தொடங்கிவிட்டது. பிள்ளையைத் தேடி ஒழுங்கையால் தலைதெறிக்க ஓடி வந்த ஒரு தாய் இதைக் கண்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டா. "சுட்டுப்போட்டுப் போறாங்கள், இதுகள் பந்து எங்கை கிடந்ததெண்டு அடிபடுதுகள்." சிரித்தாவா அழுதாவா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று நானும் ஒரு தகப்பன். அந்த முகம் இப்போது தெரிகிறது.

1990 யூன் 8. உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே கமரூன் 1-0 என்று ஆர்ஜென்ரினாவை வென்றது. அடுத்த நாள் கன்னை பிரிக்கும்போது ஒருவருக்கும் மரடோனா வேண்டாம். எல்லாருக்கும் தலையால் அடித்துக் கோல் போட்ட ஒமாம் பியிக்தான் வேண்டும். அதற்கு மறுநாள் கிழக்கு மாகாணத்தில் சண்டை மூண்டது. அது எங்கள் பக்கம் வர நாளெடுக்கவில்லை. யூன் நடுப்பகுதியில் ஊர் எழும்பியது. ஒரு கிழமையில் திரும்பி வரலாம் என்றார்கள். ஆச்சி வேலிப்படலையைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தா. பந்து அன்று என் வீட்டில் படுத்திருந்தது. காற்றைத் திறந்து சப்பையாக்கி, உடுப்புப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். மயிலிட்டிப் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே. இரண்டாம் நாளே பந்துக்குக் காற்று அடித்தோம். ஆனால் ஆட்டம் நடக்கவில்லை. மயிலிட்டிப் பொடியள் கடற்கரை மணலில் பழகியவர்கள். அவர்களுடைய சட்டமெல்லாம் கடலோடும் காயப்போட்ட வலையோடும் இருந்தது. பந்து அலைக்குள் போனால் முதலில் நீந்தித் தொட்டவனுக்கு. வலையில் பட்டால் ஆட்டம் நிற்கும். நாங்கள் கிணற்றுக் கோட்டையும் மிளகாய்ப் பாயையும் சொன்னோம். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் கடலும் இல்லை, துலாவும் இல்லை. எங்கள் சட்டங்களை நாங்கள் மனப்பாடமாகக் கொண்டு வந்திருந்தோம். அவை நிற்பதற்கு மண்தான் இல்லை. மூன்று நாள் வாக்குவாதப்பட்டோம். நாலாம் நாள் முற்றத்தில் துணி காயும் கொடி ஒன்றைப் பார்த்து, அதற்கு மேலே போனால் அவுட் என்று புதிதாகத் தொடங்கினோம். சோற்று வரிசைக்கு மணி அடித்தால் கணக்கு அப்படியே நிற்கும் என்றும் ஒரு சட்டம் வந்தது. அதை மயிலிட்டிப் பெடியன் ஒருவன் சொன்னான்.

யூலை 8இல் நடந்த இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனி 1-0 என்று வென்றதை வானொலிச் செய்தியில் கேட்டோம். பெனல்டியால் வந்த கோல். ஆச்சியின் பேரன் என் கையைப் பிடித்துக் கேட்டான்: "அண்ணை, அவங்களுக்கு மூண்டு கோர்னர் கிடைச்சதோ?" ஓம் என்றேன்.

ஆச்சி இரண்டு ஆண்டுக்குள் போய்விட்டா. படலைக் கயிற்றை அவிழ்க்க ஆள் வேண்டும் என்று கடைசிவரை சொன்னாவாம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது நெடுவலைக் கண்டேன். சைக்கிளில் தாயை ஏற்றி உருட்டிக்கொண்டு போனான். பேச நேரமில்லை. கையை உயர்த்திக் காட்டினான். அவன் வன்னிக்குப் போனான், திரும்பி வரவில்லை.

வலிகாமம் வடக்கில் இராணுவம் உயர் பாதுகாப்பு வலயமாக வைத்திருந்த காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். 2015க்குப் பிறகு எங்கள் பக்கமும் வந்தது. ஆச்சியின் பேரன் ரொறன்ரோவிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். காணியின் எல்லை தெரியவில்லை. நீங்கள் வந்தால்தான் சொல்லலாம், அண்ணை என்றான். போய் இறங்கிய இடம் எது என்றே எனக்கு விளங்கவில்லை. ஒழுங்கை இல்லை. வீடு இல்லை, இடித்த கல் கூட இல்லை. ஆளுயரத்துக்கு இப்பில் இப்பில் பற்றை. புளியமரம் நின்ற இடத்தில் பள்ளம். நான் பிறந்து வளர்ந்த ஊரில், நாலு திசையும் ஒரே மாதிரித் தெரிய, வழிதவறிய ஆளாக நின்றேன். பிறகு பற்றைக்குள் கத்தியோடு போனவர் கூப்பிட்டார். கிணறு. கட்டு உடைந்து, பாதிக்குக் கல் கொட்டிக் கிடந்தது. ஆனால் அதே கிணறு.

கட்டில் கையை வைத்தேன். நேரே வடக்கே ஒரு கோடு. அதிலிருந்து கிழக்கே பத்து எட்டு. என்னுடைய எட்டு குறுகியது. நெடுவலின் எட்டை நினைத்துக் காலை அகட்டி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது எட்டிலிருந்து பின்னால் ஒரு குரலும் சேர்ந்து எண்ணியது. பத்தாவதில் ஒரு தடியை நட்டேன்.

அடுத்த கிழமை நில அளவையாளர் பழைய உறுதியையும் படத்தையும் வைத்து அளந்து, ஆச்சி காணியின் மேற்கு எல்லைக்கு ஒரு கல் நட்டார். அந்தக் கல்லுக்கும் நான் நட்ட தடிக்கும் இடையில் ஒரு சாண்.